தலைசுற்ற வைக்கும் அழகு

மலைப்பாம்புகளுக்குப் புதுப்புது நிறம் தேடும் தொழிலில் லாபம் மனிதனுக்கு, தள்ளாட்டம் பாம்புக்கு

பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு மூலையில் எலி. எதிர் மூலையில் பாம்பு. வாசனை பிடித்துவிட்ட பாம்பு மெல்லத் தலையைத் தூக்குகிறது. அதற்குப் பிறகு நடப்பது வேட்டை மாதிரித் தெரியவில்லை. தலை ஒரு பக்கம் சாய்கிறது, நடுங்குகிறது, கழுத்து திருகாணி போல முறுக்கிக்கொண்டு மேல்தாடை கீழாகவும் கீழ்த்தாடை மேலாகவும் புரள்கிறது. பாம்பு பாய்கிறது. எலி இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போய் விழுகிறது. மறுபடி பாய்கிறது. மூன்றாவது முறையோ நான்காவது முறையோதான் இரை வாயில் சிக்குகிறது.

பாம்புக்கு நோய் எதுவும் தொற்றவில்லை. விஷமும் வைக்கப்படவில்லை. அது பிறந்ததே அப்படித்தான். அதன் தாயோ தந்தையோ அப்படித்தான் பிறந்திருக்க வேண்டும். பார்க்க மிக அழகான பாம்பு. பொன்மஞ்சள் உடம்பில் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கறுப்புக் கோடுகள். அந்தக் கோடுகளுக்காகத்தான் அதற்கு ‘ஸ்பைடர்’ என்று பெயர். அந்தக் கோடுகளுக்காகத்தான் அது விற்கப்பட்டது. கோடுகளைப் போட்ட அதே மரபணுதான் தலையையும் சுற்ற வைக்கிறது என்பதுதான் சங்கடம்.

மேலைநாடுகளில் பாம்பு வளர்ப்பது ஓரிரு விசித்திரப் பிறவிகளின் பொழுதுபோக்காக இருந்த காலம் போய்விட்டது. நாய், பூனை, வண்ண மீன் வரிசையில் அதுவும் சேர்ந்துவிட்டது. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் ஊர்வனக் கண்காட்சிகள் நடக்கின்றன. ப்ளோரிடாவின் டேடோனா பீச் நகரில் நடக்கும் கண்காட்சி பிரபலம். மேஜை மேஜையாக, தயிர் விற்கும் டப்பா போன்ற சிறு பிளாஸ்டிக் டப்பாக்களில் குட்டிப் பாம்புகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் விலை, வயது, ஆணா பெண்ணா என்ற விவரங்களோடு ஒரு நீண்ட பெயரும் இருக்கும். அந்தப் பெயர்தான் அந்தப் பாம்பின் ஜாதகம்.

இந்தச் சந்தையின் கதாநாயகன் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஒரு சிறிய மலைப்பாம்பு. அறிவியல் பெயர் பைத்தான் ரீஜியஸ். ‘ராஜ மலைப்பாம்பு’ என்று அர்த்தம். பிரிட்டனில் அப்படியே அழைக்கிறார்கள். அமெரிக்காவில் அதற்குப் ‘பால் பைத்தான்’ என்று பெயர். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் என்பதால் வந்த பெயர் அது. நாலைந்து அடிக்கு மேல் வளர்வது அபூர்வம். விஷம் கிடையாது. கடிக்க வேண்டிய நேரத்தில்கூடச் சுருண்டுகொள்ளும் சாது. பழுப்பும் கறுப்பும் கலந்த அதன் இயற்கை நிறம் காய்ந்த சருகில் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. காட்டில் அந்தப் பாம்புக்கு அதுதான் பாதுகாப்பு. கடையில் அதுவே குறையாகிப் போனது.

நிறத்துக்காகப் பாம்பு வளர்க்கும் கலை இந்தப் பாம்பிலிருந்து தொடங்கவில்லை. 1953-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கறுப்பு நிறமியே இல்லாத ஒரு சோளப் பாம்பு பிடிபட்டது. பெர்னார்ட் பெக்டெல் என்ற தோல் மருத்துவர் அதை வைத்து இனப்பெருக்கம் செய்தார். 1961-ல் சிவப்பும் வெள்ளையுமாகக் குட்டிகள் பொரிந்தன. பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட கணக்கு பாம்பிலும் பிசகவில்லை என்று தெரிந்தது. பெக்டெலுக்கு அது ஆராய்ச்சி. பின்னால் வந்தவர்களுக்கு அது முதலீடு.

ஒக்லஹோமாவைச் சேர்ந்த பாப் கிளார்க் 1992-ல் ராஜ மலைப்பாம்பில் முதல் அல்பினோ குட்டிகளைப் பொரிக்க வைத்தார். வெள்ளையும் மஞ்சளுமான உடம்பு, சிவந்த கண்கள். ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றன. மலைப்பாம்பு ஒரு பங்குப் பத்திரம் ஆனது அன்றுதான். 1997-ல் ‘பைபால்ட்’ வந்தது. பாதி உடம்பு சுத்த வெள்ளை, பாதி உடம்பில் வழக்கமான கோலம். யாரோ பெயின்ட் டப்பாவில் முக்கி எடுத்த மாதிரி. அதே ஆண்டில் மஞ்சள் பூசிய ‘பாஸ்டல்’. 1999-ல் ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியான ஒரே ஒரு விசித்திரக் குட்டியிலிருந்து ‘ஸ்பைடர்’. இன்று உலகில் உள்ள ஸ்பைடர்கள் எல்லாம் அந்த ஒரு பாம்பின் வம்சம் என்று தொழிலில் உள்ளவர்கள் சொல்கிறார்கள்.

இவை எதையும் மனிதன் உண்டாக்கவில்லை. இயற்கையில் பல்லாயிரத்தில் ஒன்றாகத் தோன்றுகிற பிழை இது. காட்டில் அந்தக் குட்டி பெரும்பாலும் பருந்தின் கண்ணில் பட்டு அன்றைக்கே முடிந்துபோகும். மனிதன் செய்ததெல்லாம் அதைப் பிடித்து, காப்பாற்றி, பெருக்கியது. அதற்கு அவன் கையாள்வது கணக்கு.

அந்தக் கணக்கு சுவாரசியமானது. ஒவ்வொரு பண்புக்கும் குட்டி தாயிடமிருந்து ஒரு மரபணு, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளைப் பெறுகிறது. அல்பினோ ஒடுங்கு பண்பு. இரண்டு பிரதியும் அல்பினோவாக இருந்தால்தான் நிறம் வெளுக்கும். அல்பினோவையும் சாதாரணப் பாம்பையும் சேர்த்தால் பிறக்கும் குட்டிகள் எல்லாம் பழுப்புதான். ஆனால் ஒவ்வொன்றும் ரகசியத்தை உள்ளே சுமக்கும். இப்படிச் சுமக்கும் இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒன்று அல்பினோ. மீதி மூன்றும் பார்வைக்குச் சாதாரணம். அந்த மூன்றில் இரண்டு ரகசியத்தைச் சுமக்கும், ஒன்று சுமக்காது. எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே மூன்றையும் ‘66 சதவீத வாய்ப்பு’ என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். வாங்குபவர் காசு கொடுப்பது பாம்புக்கு அல்ல, நிகழ்தகவுக்கு. லாட்டரிச் சீட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இந்தச் சீட்டுக்கு வாரா வாரம் எலி போட வேண்டும்.

ஒரு பண்பு நான்கில் ஒன்று என்றால், இரண்டு ஒடுங்கு பண்புகள் ஒரே குட்டியில் சேர்வது பதினாறில் ஒன்று. மூன்று சேர்வது அறுபத்துநான்கில் ஒன்று. ராஜ மலைப்பாம்பு ஒருமுறை இடுவதோ ஆறு, ஏழு முட்டைகள். பெண் பாம்பு முட்டையிடும் பருவத்துக்கு வர மூன்று ஆண்டுகள் ஆகும். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, சில சமயம் அதுவும் இல்லை. முட்டைகளை இன்குபேட்டரில் சுமார் 31 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரண்டு மாதம் காக்க வேண்டும். ஒரு தலைமுறைக் கனவு பலிக்கவில்லை என்றால் மறுபடி மூன்று ஆண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் பாம்பு வளர்க்கும் ஜஸ்டின் கோபில்கா, பைபால்டையும் இளம் ஊதா அல்பினோவையும் ஒரே உடம்பில் கொண்டுவர எட்டு ஆண்டுகள் உழைத்தார். அப்படிப் பிறந்த ஒன்றின் வெள்ளை உடம்பில், மூன்று சிரிக்கும் முகங்கள் வரைந்தாற்போல மஞ்சள் திட்டுகள் தற்செயலாக விழுந்திருந்தன. அந்தப் படம் உலகம் சுற்றியது. அதற்குச் சுமார் 6,000 டாலர் என்று செய்திகள் வந்தன.

எல்லாப் பண்புகளும் இப்படி ஒளிந்திருப்பதில்லை. பாஸ்டல் ஒரு பிரதி இருந்தாலே தெரியும், இரண்டு இருந்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். ஸ்பைடருக்கும் ஒரு பிரதி போதும். குட்டிகளில் சரிபாதி ஸ்பைடர். பாஸ்டலையும் ஸ்பைடரையும் சேர்த்து ‘பம்பிள்பீ’ என்ற வண்டு நிறப் பாம்பு பிறந்தது. இப்படிக் கலந்து கலந்து இன்று ஆயிரக்கணக்கான பெயர்கள் உலவுகின்றன. வாழைப்பழம், கோமாளி, ஷாம்பெய்ன் என்று பட்டியல் நீள்கிறது. பெயர்களைப் படித்தால் பாம்புக் கடையா பேக்கரியா என்று சந்தேகம் வரும்.

எளிதாகப் பெருகுவது எளிதாக மலிகிறது. புதிய நிறம் வந்த ஆண்டில் அதை வைத்திருப்பவர் ஒருவர்தான். ஐந்தாண்டில் நூறு பேர். பத்தாண்டில் வீதிக்கு ஒருவர். முதலில் கார் விலைக்குப் போனது பிறகு செருப்பு விலைக்கு வருகிறது. ஸ்பைடரும் பாஸ்டலும் இன்று நூறு டாலர் அளவில், சில சமயம் அதற்கும் கீழே. விலை விழ விழ வளர்ப்பாளர்களுக்கு ஒரே வழிதான்: அடுத்த நிறம், அடுத்த கலவை. அலமாரி அலமாரியாக இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு, அடியில் சூடேற்றும் பட்டை. பழுப்பாகப் பிறந்த குட்டிகளை வாங்கத்தான் ஆள் குறைவு. இந்தப் பாம்பு நன்றாகக் கவனித்தால் 20, 30 ஆண்டுகள் வாழும். செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிச் சாலையில் 60 வயதைக் கடந்த ஒன்று 2020-ல் ஆண் துணையே இல்லாமல் முட்டையிட்டு ஆச்சரியப்படுத்தியது. இவ்வளவு நீண்ட ஆயுளை ஒரு சீசன் நிறத்துக்காக உண்டாக்குகிறார்கள்.

இந்தத் தொழிலால் அறிவியலுக்கு நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹன்னா சைடலும் மாணவர்களும் பாம்பு வளர்ப்போரிடமிருந்து உரித்துப்போட்ட சட்டைகளைக் கேட்டு வாங்கினார்கள். ஒரு பாம்புக்கும் ஊசி குத்தாமல், குப்பைக்குப் போக வேண்டிய சட்டையிலிருந்தே மரபணுவைப் பிரித்தார்கள். 2022-ல் வெளியான முடிவு: மனிதர்களில் அல்பினோ நிலைக்குக் காரணமான அதே டைரோசினேஸ் மரபணுவின் பிழைதான் பாம்பிலும் வேலை செய்கிறது. பைபால்டின் வெள்ளைத் திட்டுக்குக் காரணமான மரபணுவும் 2023-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வில் தெரியவந்தது. இப்போது சட்டைத் துண்டைத் தபாலில் அனுப்பினால், அல்பினோ ரகசியத்தைப் பாம்பு சுமக்கிறதா இல்லையா என்று சொல்லும் சோதனைக்கூடங்கள் வந்துவிட்டன. 66 சதவீத லாட்டரிக்கு மெல்ல முடிவு வருகிறது.

ஆனால் ஸ்பைடர் விஷயத்தில் அறிவியல் சொன்ன சேதி கசப்பானது. அதன் தலை ஆட்டம் ஆரம்பம் முதலே எல்லோருக்கும் தெரியும். ‘வாபிள்’ என்று செல்லப் பெயரும் வைத்தார்கள். சிலதில் லேசான நடுக்கம். சிலதில் கழுத்தே முறுக்கிக்கொள்ளும். மல்லாக்கப் போட்டால் சில பாம்புகளுக்கு நிமிரத் தெரியாது. நரம்புக் கோளாறு என்றும், சூடு அதிகமானதால் வந்தது என்றும், மன அழுத்தம் என்றும் பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. ஜெர்மன் ஆய்வாளர்கள் மத்தியாஸ் ஸ்டார்க்கும் சகாக்களும் ஸ்பைடர் பாம்புகளின் மண்டையை நுண் ஸ்கேன் செய்து 2022-ல் படம் போட்டுக் காட்டினார்கள். உட்காதில் உடலின் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழாய்களும், ஈர்ப்பு விசையை உணரும் சிறு பையும் கோணலாக வளர்ந்திருந்தன. எது மேல், எது கீழ் என்று சொல்லும் கருவியே பழுது.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? கருவில் நிறமிச் செல்களைத் தருகிற அதே செல் கூட்டம்தான் உட்காதின் வளர்ச்சிக்கும் கை கொடுக்கிறது. நீலக்கண் வெள்ளைப் பூனைகளில் பல செவிடாக இருப்பதும், புள்ளி போட்ட டால்மேஷன் நாய்களில் செவிடு அதிகம் என்பதும் இதே குடும்பக் கதை. மனிதர்களிலும் நெற்றியில் வெள்ளை மயிர்க் கற்றையும் வெளிர் கண்களும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வரும் பரம்பரைக் கோளாறு உண்டு. ஆகவே நல்ல ஸ்பைடராகப் பார்த்துப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்தால் ஆட்டம் போய்விடும் என்ற நம்பிக்கை பலிக்கவில்லை. கோலம் வேண்டும் என்றால் ஆட்டமும் கூடவே வரும். ஸ்பைடர் மட்டுமல்ல. ஷாம்பெய்னிலும் தலையாட்டம் உண்டு. கேரமல் அல்பினோவில் முதுகெலும்பு கோணிய குட்டிகள் பிறந்தன. ‘டெசர்ட்’ வகைப் பெண்கள் முட்டையிட முடியாமல் செத்தன. கடைசியாகச் சொன்னதைப் பலர் கைவிட்டார்கள், காரணம் அதில் வியாபாரமே நடக்கவில்லை.

வளர்ப்பாளர்களின் பதில் இது: பாம்பு சாப்பிடுகிறது, வளர்கிறது, இணை சேருகிறது, பல ஆண்டு வாழ்கிறது. அது துன்பப்படுகிறது என்று எப்படிச் சொல்வீர்கள்? கேள்வி நியாயமானதுதான். பாம்பு கத்துவதில்லை, முனகுவதில்லை. அதன் முகத்தில் வலியைப் படிக்க மனிதனுக்குத் தெரியாது. நாய் இப்படித் தலை சுற்றி விழுந்தால் எஜமானர் அன்றைக்கே வைத்தியரிடம் ஓடுவார். ஆனால் குரல் இல்லாத பிராணியின் கஷ்டத்துக்குச் சாட்சி கேட்கும் வாதம், சாட்சி வராது என்று தெரிந்தே கேட்கிற வாதம். மேலும் கீழும் தெரியாத உடம்போடு 20 ஆண்டு வாழ்வது சுகம் என்று நிரூபிக்க வேண்டிய கடமை அதை உண்டாக்கி விற்கிறவருக்குத்தான்.

இந்த வாதம் இந்தியாவுக்குப் புதிதல்ல. அக்பரின் புறா மாடங்களைப் பற்றி அபுல் பசல் எழுதும்போது ‘லோட்டன்’ என்ற புறாவைக் குறிப்பிடுகிறார். அதை லேசாகக் குலுக்கித் தரையில் விட்டால், யாராவது எடுத்து நிறுத்தும்வரை கர்ணம் போட்டுக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்களுக்கு வேடிக்கை. லண்டன் புறா கிளப்புகளில் உறுப்பினராகச் சேர்ந்து புறா வளர்த்த டார்வினும் 1868-ல் வெளியான தன் நூலில் இந்த இந்தியப் புறாவை விவரிக்கிறார். அரண்மனை முற்றத்தில் கர்ணம் போட்ட புறாவுக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் கழுத்து முறுக்கும் பாம்புக்கும் இடையே 400 ஆண்டு. ரசிப்பவரின் கண் மட்டும் மாறவில்லை.

சட்டம் சில இடங்களில் விழித்திருக்கிறது. பிராணிகளுக்கு வலியோ ஊனமோ தரும் இனப்பெருக்கத்தை ஜெர்மனியின் விலங்கு நலச் சட்டம் தடை செய்கிறது. பிரிட்டனில் ஊர்வன ஆர்வலர்களின் முக்கியச் சங்கம் ஒன்று தன் கண்காட்சிகளில் ஸ்பைடரை விற்கக் கூடாது என்று முடிவெடுத்தது. அமெரிக்காவில் விற்பனை தாராளமாக நடக்கிறது.

சந்தையின் மறுமுனை ஆப்பிரிக்காவில். டோகோ, பெனின், கானா நாடுகளின் வயல்வெளிகளில் இந்தப் பாம்பு எலி வளைகளில் குடியிருந்து எலியைத் தின்று விவசாயிக்கு உதவுகிறது. சினையாக இருக்கும் பெண் பாம்புகளையும் முட்டைகளையும் வேட்டைக்காரர்கள் வளையிலிருந்து தோண்டி எடுக்கிறார்கள். ஏற்றுமதியாளர்களின் கொட்டகைகளில் குட்டிகள் பொரிந்து விமானம் ஏறுகின்றன. 1975-க்குப் பிறகு இப்படி ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறியவை 30 லட்சத்துக்கு மேல் என்று வர்த்தகப் பதிவுகள் காட்டுகின்றன. அல்பினோவும் பைபால்டும் ஸ்பைடரும் முதலில் இந்த வளைகளிலிருந்து வந்தவைதான். தோண்டியவருக்குக் கிடைத்தது சொற்பக் கூலி. குட்டிகளை இப்போது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கில் பொரிக்கிறார்கள் என்றாலும் தோண்டுவது நிற்கவில்லை. மலிவான பழுப்புக் குட்டிக்கும், அடுத்த விசித்திரக் குட்டி கிடைக்காதா என்ற ஆசைக்கும் கிராக்கி இருக்கிறது. அழிவின் வாசலை நெருங்கும் இனங்களின் வரிசையில் இதுவும் சேர்க்கப்பட்டுவிட்டது. அதே பெனினில் உய்டா என்ற ஊரில் இந்தப் பாம்புக்குக் கோயில் இருக்கிறது, நேர் எதிரே கத்தோலிக்கத் தேவாலயம். கோயில் பாம்பு வீட்டுக்குள் புகுந்தால் அடிப்பதில்லை, விருந்தாளிபோல எடுத்துக்கொண்டுபோய்க் கோயிலில் விடுகிறார்கள்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வைப்பது குற்றம். வெளிநாட்டுப் பாம்புக்கு அந்தச் சட்டத்தில் நீண்ட காலம் இடமே இல்லாமல் இருந்தது. அந்த ஓட்டை வழியாகப் பாம்பு நுழைந்தது. 2020-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்போர் தாமாக முன்வந்து கணக்குக் காட்டச் சொன்னது. சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பதிவைக் கட்டாயமாக்கும் விதிகள் 2024-ல் வந்தன. இதற்கிடையில் விமான நிலையங்கள் வேறு கதை சொல்கின்றன. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள். அதே ஆண்டு செப்டம்பரில் பாங்காக்கிலிருந்து பெங்களூர் வந்த பெட்டிகளில் 55 ராஜ மலைப்பாம்புகள், 17 ராஜநாகங்கள், செத்துப்போன ஆறு குரங்குகள். அந்த 55 பாம்புகளும் பல நிறங்களில் இருந்ததாகச் சுங்க அதிகாரிகள் தெரிவித்தார்கள். நிறம் இல்லையென்றால் பெட்டியில் ஏறியிருக்காது.

நிறத்துக்காகப் பிராணி வளர்ப்பது பாவம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. அல்பினோ ராஜ மலைப்பாம்பு நல்ல கையில் நிம்மதியாக வாழ முடியும். சோளப் பாம்பின் சிவப்பு யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. கேட்க வேண்டிய கேள்வி சின்னது. இந்தக் கோலத்தோடு அந்த உடம்புக்குள் வேறு என்ன வருகிறது? விற்பவர் அதைச் சீட்டில் எழுதுவதில்லை, வாங்குபவர் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் சில நிறங்கள் பத்தாண்டில் சந்தையிலிருந்து காணாமல் போகும். ஸ்பைடர் மரபணு ஒளிந்து வாழத் தெரியாத மரபணு. ஒரு தலைமுறை அதை இணை சேர்க்காமல் விட்டால் அத்துடன் அது முடிந்துபோகும்.

அதுவரை அந்தப் பிளாஸ்டிக் பெட்டியில் பொன்மஞ்சள் பாம்பு தலையைத் தூக்கி எலியைத் தேடும். எலி வலப்பக்கம் இருக்கும். பாம்பு இடப்பக்கம் பாயும்.